வண்டி பார்க்க வந்தவரிடம்

ஏறுங்க ஹாஜியார், நீங்களே ஓட்டுங்க.
கதவை அடிச்சுச் சாத்த வேணாம், தானா உறிஞ்சிக்கும்.
நல்லதை மட்டும் சொல்லச் சொல்லி
கொழும்புல இருந்து ஐயா
விடிஞ்சதும் ரெண்டு தரம் போன் எடுத்துட்டாரு.
அதனால நல்லதுல இருந்தே தொடங்குறேன்.

மூவாயிரம் சீசீ, ஆறு சிலிண்டர்.
தலவாக்கலையில தூங்குன புள்ள
நுவரெலியாவுல தான் கண்ணு முழிக்கும்.
றதெல்ல குறுக்கு றோட்டுல
லொறிக்காரன் முதல் கியர்ல முக்கி ஏறுற எடத்துல
இது பெருமூச்சுகூட விடாது.
எறக்கத்துல காலை எடுத்துப் பாருங்க,
நாலு சில்லையும் தனித்தனியாப் புடிச்சு
முட்டைக் கூடை சொமந்தவ மாதிரி எறங்கும்.
பனி மூடுனா
முன்னுக்கு நிக்கிறது மாடா மனுசனான்னு
திரையில வெள்ளையாக் காட்டிரும்.

இனி, ஐயா சொல்ல வேணாம்னது.

குடிக்கும்.
லீற்றருக்கு அஞ்சு கிலோமீற்றர், ஏத்தத்துல அதுவும் இல்ல.
கோட்டா காலத்துல ஒரு கிழமைக்குக் கெடச்சதை
ஒரே நாள்ல முடிச்சிட்டு
மிச்ச நாளெல்லாம் கராஜ்ல நின்னுச்சு.
நான் தூசி தட்டுனேன், அரைச் சம்பளத்துக்கு.

அகலம் ரெண்டு மீற்றர்.
எங்க டிவிசன் றோட்டு அதைவிட ஒரு முழம் பெருசு.
கானுப் பக்கம் போனா கத்தும்,
தேயிலை வாது உரசுனா கத்தும்,
லயத்துக் கோழி குறுக்க வந்தா கத்தும்.
அதுக்கு மலை முழுக்க ஆபத்து.

காத்து சஸ்பென்ஷன்.
போன ஆடி மழையில பின்பக்கம் ஒண்ணு வெடிச்சு
நாய் குந்துன மாதிரி குந்திருச்சு.
அட்டன் கராஜ்ல சவரியான் அடியில படுத்துப் பார்த்தான்,
"ஸ்பேனர் இருக்கு, இதுக்கு லெப்டொப் கேக்குது"ன்னு
கையைத் தொடைச்சிக்கிட்டு எழும்பிட்டான்.
டுபாய்ல இருந்து சாமான் வர முப்பத்தெட்டு நாள்.
மாரியம்மன் கோயில் மதிலோரம் அத்தனை நாளும் கெடந்துச்சு,
யாரோ சில்லுக்கு விபூதி பூசிட்டுப் போனாங்க.

கண்ணாடி ரெட்டைத் தட்டு, வெளிச் சத்தம் உள்ள வராது.
அதை நிறையிலதான் சேர்த்திருந்தேன்.
ஒரு நாள் மழையில எஞ்சம்சாரம் தவமணி
மலையில இருந்து எறங்கி வந்து கை காட்டிக் கூப்பிட்டிருக்கா.
வைப்பரைப் பார்த்தேன், அவளைப் பாக்கல.
சாயந்தரம் பீலியில சேலைச் சேறு அலசிக்கிட்டே
"ஒங்க தொரை நல்லா ஓட்டுறாரு"ன்னா.

அப்புறம் பின் சீட்டு.
இதை யார்கிட்டயும் சொல்லல.
ட்ரக்டர் பழுதாகி, கொழுந்து மடுவத்துல
சூடேறிக் கருகிக்கிட்டு இருந்த நாள்.
ஐயா கொழும்புல.
தவமணியும் நானுமா
ஒரு சாக்கைத் தூக்கிப் பின் சீட்டுல வச்சோம்,
இருபது கிலோ.
வச்சதும் டிங் டிங்னு அடிக்குது வண்டி,
திரையில செவப்பா ஒரு ஆள் படம்.
பின்னால இருக்கிறவர் பெல்ட் போடலையாம்.
சாக்குக்குப் பெல்ட்டை மாட்டுனேன்.
நின்னுச்சு.

ஃபெக்டரி வர்ற வரைக்கும் அவ பேசல.
எறங்கறப்ப கேட்டா:
"ரெண்டு கிலோ கொறஞ்சதுக்கு
நேத்து எனக்கு அரைப்பேரு.
இங்க சாக்குக்கே முழுப்பேரா?"

மூணு தடவை ஷாம்பு போட்டுக் கழுவிட்டேன்.
ஹீட்டர் போட்டா இன்னும் வரும்
பச்சைக் கொழுந்து வாசம்.
குறையா நிறையான்னு
நீங்களே போட்டுப் பாருங்க.

வெலையை ஐயாகிட்டப் பேசிக்கங்க.
இப்ப முன்னுக்கு ஒரு கொண்டை ஊசி.
ஹோர்ன் வேணாம்,
ஜன்னலை மட்டும் கொஞ்சம் எறக்குங்க ஹாஜியார்,
ஆளுங்க மலை விட்டு வர்ற நேரம்.